சின்னமுத்து பிறபொருளெதிரிப் பரிசோதனை: எப்போது செய்வது, றிப்போட்டை எப்படி வாசிப்பது

ஒரு பின்னேரம் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை கையில் ஒரு காகிதத்தோடு படலையில் வந்து நின்றாள். இங்கிலாந்தில் தாதியர் வேலைக்கு எல்லாம் சரிவந்து, கடைசியாக ஒரு இரத்தப் பரிசோதனை றிப்போட் மட்டும் அனுப்ப வேண்டியிருந்தது. முகம் வாடிக் கிடந்தது.

"மாமா, இதில பொசிட்டிவ் எண்டு போட்டிருக்கு. எனக்குச் சின்னமுத்து இருக்கெண்டே சொல்லுறாங்கள்? இனி விசா தரமாட்டினமோ?"

கொரோனாக் காலம் பழக்கிவிட்ட பயம் இது. பொசிட்டிவ் என்றால் நோய், நெகட்டிவ் என்றால் தப்பினோம். அவள் கையில் இருந்த றிப்போட்டில் கதை நேர்மாறு. அது 'இந்த உடம்புக்குச் சின்னமுத்தை ஏற்கெனவே தெரியும்' என்று சொல்லும் காகிதம். பொசிட்டிவ் வந்ததற்கு அவள் சிரித்திருக்க வேண்டும்.

நான் ஆய்வுகூடத்தில் இரத்தக் குழாய்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். கனடா, லண்டன், அவுஸ்திரேலியா என்று புறப்படும் பிள்ளைகளும், கலியாணம் முடித்துக் குழந்தைக்கு ஆயத்தமாகும் தம்பதிகளும் இந்தப் பரிசோதனை பற்றி இப்போதும் கேட்டு வருகிறார்கள். பாதிப்பேர் தேவையில்லாமல் காசைச் செலவழித்திருப்பார்கள். மீதிப்பேரில் சிலர் பிழையான பரிசோதனையைச் செய்திருப்பார்கள். அதனால் ஆரம்பத்தில் இருந்தே சொல்கிறேன்.

பெயரில் இருக்கும் பொறி

யாழ்ப்பாணத்தில் நாம் சின்னமுத்து என்பதைத் தமிழ்நாட்டில் தட்டம்மை என்பார்கள். அவர்கள் சின்னம்மை என்பது நம்முடைய கொப்புளிப்பான். சின்னமுத்து, சின்னம்மை என்று இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால், தொலைபேசியில் தேடி வாசிப்பவர்கள் கொப்புளிப்பானுக்கான விளக்கத்தைப் படித்துவிட்டு ஆய்வுகூடத்துக்கு வந்து நிற்பார்கள். போதாததற்கு, நம் பாட்டிமாருக்கு உடம்பில் எது போட்டாலும் 'அம்மாள் வருத்தம்' தான். வேப்பிலை கட்டினால் சரி, எந்த அம்மாள் என்று யாரும் கேட்டதில்லை.

இதைச் சும்மா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. "எனக்குச் சின்னனில வந்தது, எனக்குத் தெரியும்" என்ற நினைவை எந்த நாட்டு விண்ணப்பமும் ஏற்காததற்குக் காரணமே இதுதான். அந்தக் காலத்தில் வந்தது சின்னமுத்தா, ருபெல்லாவா, கொப்புளிப்பானா, வெறும் வெக்கைக் கொப்புளமா என்று இன்றைக்கு யாராலும் சத்தியம் பண்ண முடியாது.

படிவங்களில் மீசல்ஸ் என்று இருப்பது சின்னமுத்து. ருபெல்லா வேறு நோய், சிலர் ஜேர்மன் சின்னமுத்து என்பார்கள். மம்ப்ஸ் என்பது கூவைக்கட்டு. மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி எம்எம்ஆர்.

படி 1: ஊசி அட்டையைத் தேடுங்கள்

இரத்தம் கொடுப்பதற்கு முதல் வீட்டு அலுமாரியைக் கிளறுங்கள். முறையாக எழுதப்பட்ட ஊசிப் பதிவு இருந்தால் அதற்கே மதிப்பு அதிகம். இரண்டு டோஸ் போட்டதற்கு எழுத்து இருந்து, பிறகு செய்த பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தால்கூட, அமெரிக்க வழிகாட்டலின்படி எழுத்துத்தான் வெல்லும். ஏன் அப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

எதைத் தேடுவது என்பது பிறந்த ஆண்டைப் பொறுத்தது. இலங்கையில் சின்னமுத்து ஊசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 1984 இல், ஒன்பது மாதத்தில் ஒரே ஒரு டோஸாக. மூன்று வயதில் இரண்டாவது டோஸ், ருபெல்லாவோடு சேர்ந்த எம்ஆர் ஊசியாக, 2001 இல்தான் வந்தது. 2011 இல் எம்எம்ஆர் வந்தது. இப்போது ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, மூன்று வயதில் இன்னொன்று. ஆகவே 1984 க்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நோயே வந்து போயிருக்கும். அதற்கும் 1998 க்கும் இடையில் பிறந்தவர்களுக்கு வழமையான அட்டவணைப்படி ஒரு டோஸ்தான். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இரண்டு.

இது காகிதத்தில் இருந்த அட்டவணை. நம் பக்கத்தில் நடந்தது இன்னொன்று. 1995 ஒக்ரோபரில் போரால் நடந்த இடப்பெயர்வில் வலிகாமமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போனபோது, குழந்தையின் கிளினிக் அட்டையைத் தேடி எடுத்து வந்தவர்கள் எத்தனை பேர்? காணி உறுதியும் நகையும் அடையாள அட்டையும் எடுத்தார்கள். நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டவர்களிடம் ஊசி அட்டை கேட்பது நியாயமில்லை.

இன்னொரு நினைவும் அடிக்கடி குறுக்கே வரும். "சண்டையை நிப்பாட்டி ஊசி போட்டவங்கள், எனக்கும் போட்டது" என்பார்கள். 1995 முதல் அப்படி அமைதி நாட்கள் வைத்தது உண்மை. ஆனால் அது போலியோச் சொட்டு மருந்துக்காக. வாயில் விட்ட சொட்டு சின்னமுத்துக் கணக்கில் சேராது. அதேபோல 1996 இல் இருந்து பெண்களுக்குப் போடத் தொடங்கிய ருபெல்லா ஊசியும் ருபெல்லாவுக்கு மட்டும். அதை வைத்து "எனக்கு எல்லாம் போட்டாச்சு" என்று இருக்கும் அம்மாமார் நிறையப் பேர்.

அட்டை இல்லாவிட்டால் பிறந்த இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும், பழைய குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் பழைய பதிவேடுகள் தப்பியிருக்கின்றன. ஒரு நாள் அலைச்சல்தான்.

அட்டை கிடைத்தவர்களுக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கலாம். அமெரிக்கா, கனடா, பிரித்தானியா மூன்றும் முதலாவது பிறந்தநாளுக்கு முன் போட்ட சின்னமுத்து டோஸைக் கணக்கில் எடுப்பதில்லை. நம் நாட்டில் ஒன்பது மாதத்தில் போடுவது இங்குள்ள ஆபத்தை வைத்துச் சரியான முடிவு. ஆனால் அங்கே அது பூச்சியம். இலங்கை அட்டையில் ஒழுங்காக இரண்டு டோஸ் இருக்கும், அங்குள்ள அலுவலர் ஒன்று என்று எண்ணுவார். இதில் சண்டை பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு எம்எம்ஆர் கூடப் போட்டால் விஷயம் முடிந்தது.

படி 2: பரிசோதனை தேவையா, ஊசியே போதுமா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அட்டை இல்லை, கர்ப்பம் இல்லை, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் எடுக்கவில்லை என்றால், பரிசோதனை செய்யாமலே 28 நாள் இடைவெளியில் இரண்டு எம்எம்ஆர் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே எதிர்ப்பு உள்ளவருக்கு இன்னொரு டோஸ் போட்டால் கெடுதல் இல்லை. உடம்பில் இருக்கும் பிறபொருளெதிரிகள் ஊசியில் உள்ள பலவீனமான வைரசை வந்தவுடனேயே மடக்கிவிடும், அவ்வளவுதான். ஒரு டோஸ் ஏறக்குறைய 93 வீதம் பாதுகாப்புத் தரும், இரண்டு டோஸ் 97 வீதம்.

பரிசோதனையைத் தெரிவு செய்ய நியாயமான காரணங்களும் உண்டு. பயணத்துக்கு இரண்டு கிழமைதான் இருக்கிறது, இரண்டாவது டோஸுக்கு நேரமில்லை. கர்ப்பமாக இருக்கும்போது நோயாளி ஒருவரோடு பழக நேர்ந்தது. ஊசி போடமுடியாத வேறு வருத்தம் உண்டு. அல்லது வயது ஐம்பதுக்கு மேல், சின்ன வயதில் நோய் வந்திருக்கும் என்று நம்பிக்கை, சும்மா இரண்டு ஊசி குத்த விருப்பமில்லை. இவர்களுக்கு இரத்தப் பரிசோதனை நேர்வழி.

வேலை கேட்கும் இடம் எதை ஏற்கிறது என்பதையும் முதலே பாருங்கள். பிரித்தானியாவில் சுகாதார ஊழியர்களுக்கு இரண்டு எம்எம்ஆர் பதிவு அல்லது சின்னமுத்து, ருபெல்லா இரண்டுக்கும் பொசிட்டிவ் பிறபொருளெதிரி முடிவு, இரண்டில் ஒன்று போதும். சின்னமுத்தை மட்டும் செய்துவிட்டு, பிறகு ருபெல்லாவுக்கு இன்னொரு முறை கை நீட்டிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கூவைக்கட்டையும் சேர்த்துக் கேட்கும்.

படி 3: ஐஜிஜி என்று சொல்லிக் கேளுங்கள்

பிறபொருளெதிரி என்பது நோய்க்கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள உடம்பு செய்யும் புரதம். சின்னமுத்து விஷயத்தில் இரண்டு வகையைத்தான் ஆய்வுகூடம் பார்க்கும்: ஐஜிஎம், ஐஜிஜி.

வீட்டில் தீப்பிடித்தால் முதலில் வாளியோடு ஓடிவருகிற அயலவர்கள் ஐஜிஎம். நெருப்பு அணைந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தடிப்புப் போடும் நேரத்தில் தோன்றி, சில கிழமைகளில் உச்சத்துக்குப் போய், ஓரிரு மாதத்தில் மறைந்துவிடும். ஐஜிஜி அதற்குச் சற்றுப் பின்னால் வந்து, அப்புறம் அந்த வீட்டிலேயே காவலுக்குத் தங்கிவிடும். நோய் வந்து போனவர்களிடம் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும்.

ஆகவே, 'எனக்கு எதிர்ப்பு இருக்கிறதா' என்று அறிய வேண்டியவர் செய்யவேண்டியது ஐஜிஜி மட்டும். 'எனக்கு இப்போது சின்னமுத்தா' என்று அறியத்தான் ஐஜிஎம். சுகமாக இருக்கிறவர் ஐஜிஎம் செய்வது காசுக்கும் நட்டம், நிம்மதிக்கும் நட்டம். நோய் அரிதாக உள்ள இடத்தில் சுகதேகிகளில் ஐஜிஎம் பொசிட்டிவ் வந்தால் அதில் அநேகம் பொய்யாகத்தான் இருக்கும். மூட்டுவாதக் காரணி இரத்தத்தில் இருந்தாலோ, பார்வோவைரஸ் போன்ற வேறு தொற்று வந்து போயிருந்தாலோ அந்தப் பொய் வரலாம். அண்மையில் எம்எம்ஆர் போட்டிருந்தாலும் பொசிட்டிவ் வரும், அது பொய்யில்லை, ஊசியின் வேலை.

என் காலத்தில் 'மீசல்ஸ் அன்ரிபொடி' என்று மட்டும் எழுதிய துண்டுகள் வரும். எதைச் செய்வது என்று தெரியாமல் இரண்டையும் செய்து, இரண்டுக்கும் காசு வாங்கின இடங்களும் உண்டு. பெயர் வேண்டாம். துண்டில் 'மீசல்ஸ் ஐஜிஜி' என்று தெளிவாக எழுதுவித்துக்கொண்டு போங்கள்.

படி 4: இரத்தம் கொடுக்கும் நாள்

விரதம் இருக்கத் தேவையில்லை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து மயங்கி விழாதீர்கள். ஒரு சின்னக் குழாய் இரத்தம், சில மில்லிலீற்றர், அவ்வளவுதான். அதை உறைய விட்டுச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிற நீர்ப்பாகத்தில்தான் பரிசோதனை. யாழ்ப்பாண நகரத்தில் உள்ள பல தனியார் நிலையங்கள் இப்படியான விசேட பரிசோதனைகளைக் கொழும்புக்கு அனுப்பிச் செய்விப்பவை. ஆகவே "இண்டைக்குக் குடுத்தால் எப்ப வரும்?" என்று முதலே கேளுங்கள். பொங்கல், வெசாக், நீண்ட வார இறுதி என்று இடையில் வந்தால் நாட்கள் இழுபடும்.

இரத்தம் எடுக்கிறவரிடம் சொல்லவேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. அவர்கள் கேட்கமாட்டார்கள், நீங்களாகச் சொல்லுங்கள்.

கடந்த மாதங்களில் இரத்தமோ, பிளாஸ்மாவோ, இம்யூனோகுளோபுலினோ (பிறரின் இரத்தத்தில் இருந்து பிரித்த பிறபொருளெதிரி மருந்து) ஏற்றியிருந்தால் சொல்லுங்கள். டெங்கு முற்றிப் படுத்தவர்களில் சிலருக்குப் பிளாஸ்மா ஏற்றியிருப்பார்கள். அதில் வந்த பிறபொருளெதிரி இன்னொருவருடையது. உங்கள் இரத்தத்தில் அது பொசிட்டிவ் காட்டும், பிறகு கரைந்துபோகும். இரவல் சீலை உடுத்துக் கலியாணத்துக்குப் போன மாதிரி.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் குளிசை போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சில இயந்திரங்கள் வேலை செய்வதே பயோட்டின் பிணைப்பை வைத்துத்தான். அதிக அளவில் இரத்தத்தில் இருந்தால் முடிவு மாறிப்போகும். ஒரு சில நாட்கள் நிறுத்திவிட்டு வரலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

எம்எம்ஆர் போட்டு ஒரு கிழமையில் வந்து ஐஜிஜி பார்ப்பவர்களும் உண்டு. உடம்புக்கு நேரம் கொடுங்கள். உண்மையில் இரண்டு டோஸ் போட்டு எழுத்தும் இருந்தால் பிறகு பரிசோதிக்கவே தேவையில்லை.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். காசநோய்க்கான மாண்டு தோல் பரிசோதனையும் கேட்பார்கள். எம்எம்ஆர் போட்டபின் சில கிழமைகளுக்கு அந்தத் தோல் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், அல்லது ஊசிக்குப் பிறகு நாலு கிழமை விடுங்கள்.

படி 5: றிப்போட்டை வாசித்தல்

இதுதான் எல்லோரும் தடுமாறும் இடம், ஆறுதலாக வாசியுங்கள்.

றிப்போட்டில் மூன்று விஷயம் இருக்கும்: ஒரு எண், அதன் அலகு, பக்கத்தில் அந்த ஆய்வுகூடத்தின் எல்லை அளவு. எண்ணை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. "எனக்கு 20 வந்தது, அவளுக்கு 300 வந்தது, நான் வீக்கோ?" என்று கேட்டால் பதில் இல்லை, ஏனென்றால் இருவரும் வேறு வேறு அளவுகோலில் அளந்திருக்கிறார்கள். முழத்தையும் மீற்றரையும் ஒப்பிடுகிற கதை.

உதாரணத்துக்கு, உலகில் பரவலாகப் பாவிக்கும் ஒரு ஒளிர்வு முறை இயந்திரத்தில் 13.5 க்குக் கீழே நெகட்டிவ், 16.5 அல்லது அதற்கு மேல் பொசிட்டிவ், இடையில் சந்தேகம். அதன் அலகு ஏயூ, அந்தக் கம்பனியின் சொந்த அளவுகோல். நிறமாற்றத்தை வைத்து அளக்கும் எலைசா முறைகளில் பிரபலமான ஒன்றில் 200 க்குக் கீழே நெகட்டிவ், 275 அல்லது அதற்கு மேல் பொசிட்டிவ், அலகு லீற்றருக்கு சர்வதேச அலகு. வேறு சிலவற்றில் வெறும் விகிதம்தான், 1.1 க்கு மேல் பொசிட்டிவ் என்பதுபோல. ஆகவே கண்ணை எண்ணில் இருந்து எடுத்து, பக்கத்தில் உள்ள எல்லைக் கட்டத்தில் வையுங்கள்.

இந்த எல்லை எங்கிருந்து வந்தது? ஒரு நல்ல கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இரத்ததானம் செய்தார்கள். அதற்குப் பிறகு அங்கே சின்னமுத்து பரவியது. தானம் கொடுத்த இரத்தம் கையில் இருந்ததால், நோய் வருவதற்கு முன் யாருக்கு எவ்வளவு பிறபொருளெதிரி இருந்தது என்று ஆய்வாளர்கள் திரும்பிப் பார்க்க முடிந்தது. 1990 இல் வெளியான அந்த ஆய்வில் 80 பேர். அளவு 120 அல்லது அதற்குக் கீழே இருந்த 9 பேரில் 8 பேருக்கு நோய்க்குறிகள் தெளிவாக வந்தன. 120 க்கு மேல் இருந்த 71 பேரில் ஒருவருக்கும் அப்படி வரவில்லை. மில்லிலீற்றருக்கு 120 மில்லி சர்வதேச அலகு என்று இன்றைக்கும் சொல்லப்படும் பாதுகாப்பு எல்லையின் பின்னால் இருப்பது அந்த இரத்ததானம்தான்.

ஆனால் அவர்கள் அளந்தது வேறு முறையில். உயிருள்ள வைரசை உயிர்க்கலங்களின் மேல் விட்டு, இரத்த நீர் அதை எவ்வளவு தூரம் மடக்குகிறது என்று பார்க்கும் முறை அது. நாட்கள் எடுக்கும், செலவும் வேலையும் அதிகம், சாதாரண ஆய்வுகூடங்களில் செய்வதில்லை. நம் கைக்கு வரும் எலைசாவும் ஒளிர்வு முறையும் பிறபொருளெதிரி ஒட்டுகிறதா என்று மட்டும் பார்ப்பவை. வைரசை மடக்குகிறதா என்று பார்ப்பதில்லை. அதோடு, குறைந்த அளவுகளை அவை தவறவிடும். ஊசியால் வந்த எதிர்ப்பு நோயால் வந்த எதிர்ப்பைவிட அளவில் குறைவாக இருப்பதும், வருடங்கள் போகப் போக இறங்குவதும் வழமை. எனவே ஒழுங்காக ஊசி போட்டவரிலேயே நெகட்டிவ் வரலாம். அவர் உடம்பில் வைரசை ஞாபகம் வைத்திருக்கும் நினைவுக் கலங்கள் இருக்கும், தொற்றை எதிர்த்துப் போராடும் ரி கலங்கள் இருக்கும், வைரஸ் வந்தால் சில நாட்களில் படை திரட்டும். இவற்றை இந்தக் குழாய் இரத்தம் காட்டாது. ஊசிப் பதிவு பரிசோதனையை வெல்லும் என்று முதலில் சொன்னதன் காரணம் இதுதான்.

படி 6: முடிவு வந்தபின்

பொசிட்டிவ் என்றால், மேலே சொன்ன இரவல் இரத்தக் கதை இல்லாவிட்டால், எதிர்ப்பு உண்டு. எண் எல்லைக்கு ஒரு புள்ளி மேலே இருந்தாலும் சரி, பத்து மடங்கு இருந்தாலும் சரி, பொசிட்டிவ் பொசிட்டிவ்தான். வருடா வருடம் திருப்பிச் செய்யத் தேவையில்லை.

நெகட்டிவ், ஊசிப் பதிவும் இல்லை என்றால் எம்எம்ஆர் இரண்டு டோஸ். நெகட்டிவ், ஆனால் செல்லுபடியாகும் இரண்டு டோஸ் எழுத்தில் உண்டு என்றால், எழுத்தைக் காட்டுங்கள். சில வேலையிடங்கள் பிடிவாதமாக இன்னொரு டோஸ் கேட்கும். போடுங்கள், வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இடைப்பட்ட சந்தேக முடிவுக்குத்தான் ஆட்கள் அதிகம் காசு கரைப்பது. திரும்பச் செய்தால் திரும்பவும் அங்கேயே நிற்கும், ஏனென்றால் உங்கள் அளவே அந்த எல்லையில்தான். பதிவு இல்லாவிட்டால் அதை நெகட்டிவாக எடுத்து ஊசி போடுவதே முறை.

வளர்ந்தவர்களுக்கு ஊசி எங்கே என்று கேட்பீர்கள். தனியார் வைத்தியசாலைகளில் எம்எம்ஆர் போடலாம். 15 முதல் 44 வயது வரையான, முன்பு ருபெல்லா சேர்ந்த ஊசி போடாத பெண்கள் முதலில் தங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் கேளுங்கள், தேசியத் திட்டத்தில் அவர்களுக்கு இடம் உண்டு. கொப்புளிப்பான் ஊசியும் போட இருந்தால் இரண்டையும் ஒரே நாளில், அல்லது 28 நாள் தள்ளி. போட்டு ஒரு கிழமைக்குப் பிறகு இலேசான காய்ச்சலோ சின்னத் தடிப்போ வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்

எம்எம்ஆர் உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸ். கர்ப்ப காலத்தில் போடக்கூடாது. போட்டபின் ஒரு மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்காமல் இருக்கவும் வேண்டும். ஆகவே பரிசோதனைக்குச் சரியான காலம் கர்ப்பத்துக்கு முன். கலியாணத்துக்கு நாள் பார்க்கும்போதே இதையும் பாருங்கள் என்று சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், ஆனாலும் சொல்வேன். கர்ப்பிணி ஒருவர் சின்னமுத்து நோயாளியோடு இருந்துவிட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். அவசரமாக ஐஜிஜி பார்த்து, நெகட்டிவ் என்றால் ஆறு நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுக்க வழி உண்டு. கர்ப்பம் இல்லாத மற்றவர்களுக்கு 72 மணித்தியாலத்துக்குள் எம்எம்ஆர் போட்டால் நோயைத் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ முடியும்.

கைக்குழந்தைக்கு ஐஜிஜி செய்வதில் அர்த்தமில்லை. அதில் தெரிவது தாயின் பிறபொருளெதிரி. தாய்க்கு ஊசியால் மட்டும் எதிர்ப்பு வந்திருந்தால் குழந்தைக்குக் கிடைப்பதும் குறைவு, சீக்கிரம் தீர்ந்தும் போகும். 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்ததாக அறிவித்தது. 2023 இல் திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் பாதிப்புக் கூடிய மாவட்டங்களில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்குக் கூடுதல் டோஸ் போட்டதும் இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

கனடாவிலும் இதே கதை. 2024 பிற்பகுதியில் தொடங்கிய பரவல் அடங்காமல், 2025 நவம்பரில் அந்த நாடு ஒழிப்பு அந்தஸ்தை இழந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும் வீடுகள் இதை நினைவில் வைத்தால் நல்லது. ஆபத்து ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் வருவதில்லை.

இப்போது காய்ச்சலும் தடிப்பும் இருந்தால்

அது வேறு பாதை. இதுவரை சொன்ன எதையும் பின்பற்ற வேண்டாம். தனியார் ஆய்வுகூடத்துக்கு ஓடவும் வேண்டாம். காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண், பிறகு முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் தடிப்பு என்றால், வைத்தியசாலைக்கு முதலே தொலைபேசியில் சொல்லிவிட்டு முகக்கவசத்தோடு போங்கள். இந்த வைரஸ் நோயாளி எழும்பிப் போன அறையிலும் இரண்டு மணித்தியாலம் வரை காற்றில் நிற்கும். தடிப்புக்கு நாலு நாள் முன்பிருந்து நாலு நாள் பின்வரை தொற்றும். எதிர்ப்பு இல்லாதவர்கள் மத்தியில் ஒருவரில் இருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும்.

வைத்தியர் இதை அறிவிக்கவேண்டிய நோயாகப் பதிவு செய்வார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். இரத்தமும் தொண்டைச் சுரண்டலும் எடுத்துக் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். இங்கேதான் ஐஜிஎம் தனக்குரிய வேலையைச் செய்கிறது. தடிப்புப் போட்டு முதல் மூன்று நாளுக்குள் எடுத்த இரத்தத்தில் ஐஜிஎம் இன்னும் வராமல் இருக்கலாம், அதனால் அப்போது வரும் நெகட்டிவை நம்பிவிட முடியாது. வைரசையே தேடும் பிசிஆர் அந்த நேரத்தில் கைகொடுக்கும். தேவையென்றால் சில நாள் கழித்து இரண்டாவது இரத்தமும் எடுப்பார்கள்.

கடைசிப் படி: பெயர்

பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைக்குத் திரும்ப வருகிறேன். அவளுடைய சின்னமுத்து ஐஜிஜி பொசிட்டிவ், ருபெல்லா ஐஜிஜி பொசிட்டிவ். எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பினேன். ஒரு கிழமையில் திரும்ப வந்தாள், லண்டன்காரர் றிப்போட்டைத் திருப்பிவிட்டார்களாம்.

காரணம் இரத்தத்தில் இல்லை. றிப்போட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் அவளுடைய பெயரும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக, அதுவும் குடும்பப் பெயராக. எழுத்துக்கூட்டிலும் ஒரு எழுத்து வித்தியாசம். நான் எண்ணையும் அலகையும் எல்லையையும் பார்த்தேன், பெயரைப் பார்க்கவில்லை.

இரத்தம் கொடுக்கப் போகும்போது கடவுச்சீட்டைக் கொண்டுபோங்கள். அதில் உள்ளபடியே பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் மூன்றையும் பதிவு செய்விக்கவும். பரிசோதனையின் பெயர், எண், அலகு, எல்லை, இரத்தம் எடுத்த திகதி, ஆய்வுகூட முத்திரை, கையொப்பம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றனவா என்று கவுண்டரிலேயே நின்று வாசியுங்கள். ஊசி போட்டால் திகதியையும் தொகுதி இலக்கத்தையும் எழுதுவித்து, வீட்டுக்கு வரும் வழியிலேயே படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். அவளுக்கு ஆய்வுகூடம் பெயரைத் திருத்திப் புதுக் காகிதம் கொடுக்க ஐந்து நாள் எடுத்தது. இரத்தம் திரும்ப எடுக்கவில்லை.